வைத்துவிட்டு வந்தவை

(தமிழாசிரியர் ஒருவர் எழுதியது)

இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, கல்லூரியின் பழம்பெருமை குறித்தோ செந்தமிழின் தொன்மை குறித்தோ யான் எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். அவ்விரண்டினையும் என்னிலும் நன்கு எழுதவல்லார் பலர் நம்மிடையே உளர். யான் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. வேலையாகவோ விளையாட்டாகவோ வெளியிடம் செல்லும் ஒருவர், கையோடு கொண்டுபோன கருவிகளுள் ஒன்றை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வீடு திரும்பிவிடுகின்றார். அவ்வளவே பொருள். இதற்கும் ஒரு கட்டுரையா என்று நகைப்போர் சற்றுப் பொறுத்தருள்க.

இப்பொருளை என் மனத்தில் விதைத்தவர், விடுமுறையில் ஊர் வந்திருந்த பழைய மாணவர் ஒருவர். பல ஆண்டுகளாக இங்கிலாந்தில் வாழ்பவர். ஓய்வுநாட்களில் என்ன செய்கின்றீர் என்று வினவினேன். உலோகங்காண் கருவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல்களிலே நடப்பதாகச் சொன்னார். நீண்ட கோலொன்றின் நுனியில் வட்டமான தட்டு. அத்தட்டினுள் கம்பிச் சுருள். அதில் மின்னோட்டம் பாயும்போது சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகும். மண்ணுக்குள் உலோகம் இருப்பின் அப்புலம் கலங்கும். கலங்கியதும் காதிற் பொருத்திய கருவியில் ஒலி எழும். ஒலித்த இடத்தைச் சிறு மண்வெட்டியாற் பெயர்த்தால், பெரும்பாலும் ஆணியோ தகரத் துண்டோ சோடாப் போத்தல் மூடியோதான் கிடைக்குமாம். எப்போதேனும் பழைய நாணயம் ஒன்று கிடைக்கும். அந்த ஒன்றுக்காகவே அத்தனை நடையும்.

“சேர், நாணயம் கிடைத்த நாட்களிலேதான் என் மண்வெட்டியைத் தொலைத்துவிடுகின்றேன்” என்றார் அவர். அது எவ்வாறு என்று கேட்டேன். குழி தோண்டியதும் மண்வெட்டியைப் புல்லில் வைத்துவிட்டு முழந்தாளிடுகின்றார். மண்ணை விரலாற் கிளறுகின்றார். வட்டமாக ஏதோ மின்னுகின்றது. உடனே அதைத் தூக்கிக்கொண்டு, வயலின் மறுகரையில் நிற்கும் தோழரிடம் காட்ட ஓடுகின்றார். குழியை மூடிப் புற்கரணையை மீள வைக்கவேண்டும் என்பதுவரை நினைவிருக்கின்றது; மண்வெட்டி நினைவில் இல்லை. அதன் பிடியோ பச்சை நிறம். கிடப்பதோ பச்சைப் புல்லில். ஒருமுறை மறுநாட் சென்று, தம் மண்வெட்டியைத் தம் உலோகங்காண் கருவியாலேயே தேடிக் கண்டெடுத்தாராம். அதற்குப் பின் பிடிக்குச் செந்நிறம் பூசி, இடுப்போடு கயிற்றாற் கட்டியும் கொண்டார்.

யான் நகைத்தேன். ஆயினும், கிடைத்த நாட்களிலேதான் தொலைக்கின்றேன் என்ற அச்சொல் என்னுள் நின்றுவிட்டது. அது நின்றதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

மறந்து வைத்த கருவியால் விளைந்த பெருவியப்பு ஒன்றும் அந்நாட்டில் உண்டு. சபொக் மாவட்டத்து ஒக்ஸன் என்னுஞ் சிற்றூரில், பீற்றர் வற்லிங் என்ற கமக்காரர் தம் சுத்தியலை வயலிலே தொலைத்துவிட்டார். தேடித் தருமாறு தம் நண்பர் எரிக் லோஸ் என்பவரை அழைத்தார். லோஸ் ஓய்வுபெற்ற தோட்டக்காரர். பொழுதுபோக்காக உலோகங்காண் கருவி வைத்திருந்தவர். 1992ஆம் ஆண்டு நவெம்பர் 16ஆம் நாள் அவர் சுத்தியலைத் தேடப் போய்க் கண்டது உரோமர் காலத்துப் பொன்னும் வெள்ளியும். பின்னர் எண்ணியபோது நாணயங்கள் மாத்திரம் 14,865 இருந்தன. பொன்னணிகளும் வெள்ளிக் கரண்டிகளும் வேறு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எவரோ பெட்டியில் வைத்துப் புதைத்து, மீள எடுக்க வராது போன செல்வம் அது. பிரித்தானிய நூதனசாலை அதனைப் பெற்றுக்கொண்டது. மதிப்பீடாக 17½ இலட்சம் பவுண் வழங்கப்பட்டது. சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் அதே நூதனசாலைக்கே சென்று சேர்ந்தது என்பது இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இக்கதையைக் கேட்போர் பலரும் பொன்னின் தொகையையே வியப்பர். என் வியப்பு பிறிதொன்று. லோஸ் முழுவதையும் தாமே தோண்டவில்லை. சிறிது கண்டவுடன் நிறுத்தி, உரியவர்க்கு அறிவித்தார். மறுநாளே தொல்பொருள் அறிஞர் வந்து, பொருள்கள் கிடந்த ஒழுங்கு குலையாமல் அகழ்ந்தனர். அதனாலன்றோ அவை ஒரு மரப்பெட்டியுள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பது வரை உலகம் அறிந்தது! களிப்பு மிகும் வேளையில் கையை நிறுத்திக்கொள்ளுதல் எல்லார்க்கும் இயல்வதன்று.

நிற்க. இத்தகைய பொழுதுபோக்கை நம் நாட்டிற் கைக்கொள்ள நினைக்கும் இளைஞர்க்கு ஒரு சொல். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, இன்னும் வெளிப்படாது மண்ணுள் மறைந்து கிடக்கும் தொல்பொருள் அனைத்தும் அரசுக்கே உரியன. அனுமதிப்பத்திரமின்றி அவற்றைத் தேடி அகழ்தல் குற்றம். ஆயினும் புதையல் தோண்டும் பேராசை நம்மிடையே ஒழிந்தபாடில்லை. மாதந்தோறும் பத்திரிகையில் அச்செய்தி ஏறக்குறைய ஒரே வடிவில் வருகின்றது: பழைய கட்டட இடிபாடு, நள்ளிரவு, ‘ஸ்கானர்’ கருவி, அலவாங்கு, மண்வெட்டி, தேசிக்காயும் கற்பூரமுமாகிய பூசைப் பொருட்கள். ஆட்கள் ஓடிவிட்டால், விட்டுச்சென்ற அலவாங்கே அவர்களுக்கெதிரான சாட்சியாகின்றது. கருவியை மறந்தாரல்லர் அவர். உயிரைக் காத்தற்குக் கருவியை விட்டார். அவருக்காக யான் இரங்கவில்லை.

ஒளித்துவைத்தல் வேறு, விட்டு ஓடுதல் வேறு, மறத்தல் வேறு. இம்மூன்றனையும் நம் திருகோணமலை போல் அறிந்த ஊர் அதிகம் இராது. 1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர். 1950ஆம் ஆண்டில், கிணறு தோண்டிய நகரசபைத் தொழிலாளரின் கருவி, மண்ணுள் இருந்த திருவுருவங்களிலே தட்டியது. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவை மறந்து விடப்பட்டவை அல்ல. மீண்டும் வந்து எடுப்போம் என்று எவரோ அஞ்சிய கையால் ஒளித்துவைத்தவை. எடுக்க அவர் வரவில்லை. முந்நூறு ஆண்டு கழித்து, தண்ணீர் தேடிய வேறு கைகள் எடுத்தன. 1956ஆம் ஆண்டில் மைக் வில்சன் என்பவர் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கிக் கோயிற் கற்களைக் கண்டதும், அவர் தோழர் ஆதர் சி. கிளாக் அதனை நூலில் எழுதியதும் பலரும் அறிந்தவை.

துறைமுகத்திலோ விட்டுப்போனவையே மிகுதி. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது தீப்பற்றிய ‘சகைங்’ என்னுங் கப்பல், மறு ஆண்டு வேண்டுமென்றே அமிழ்த்தப்பட்டு இறங்குதுறையாகப் பயன்பட்டது. 2018ஆம் ஆண்டில் நம் கடற்படையினர் அதனை மேலே மிதக்கவிடும்வரை 75 ஆண்டு அங்கேயே கிடந்தது. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளோ இன்றும் காட்டினூடே நிற்கின்றன. பேரரசுகள் மறந்துபோகும் பொருட்கள் பெரியனவாகத்தான் இருக்கும் போலும்.

ஆனால் யான் சொல்ல வந்தது அளவுநாடா ஒன்றைப் பற்றி.

எங்கள் தமிழ் மன்ற மாணவரை வெளிக்களங்களுக்கு அழைத்துச் செல்லுதல் என் வழக்கம். ஊர்ப்பெயர்களைக் கேட்டெழுதுதல், குளங்களின் பெயர்களைத் தொகுத்தல், கல்வெட்டு இருக்குமிடங்களைச் சென்று காணுதல் முதலியன அவற்றின் நோக்கம். இவ்வாறு ஒருமுறை வெல்கம் விகாரைக்குச் சென்றோம். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றிருந்த பௌத்தப் பள்ளி அது. அங்கே கிடைத்த கல்வெட்டுக்கள் தமிழில் உள்ளன. விளக்கெரிக்கவென ஆக்களும் எருமைகளும் கொடுத்தோரின் பெயர்களை அவை சொல்கின்றன. தமிழர், பௌத்தர் என்று இருவேறாக எண்ணிப் பழகிய இளைஞர்க்கு அவ்விடத்தில் அரைமணி நேரம் நிற்பது ஆறு மாத வகுப்புக்கு ஒப்பாகும். இது இடைப்பிறவரல், பொறுத்துக்கொள்க.

தேய்ந்த கல்லெழுத்தைப் பகலொளியிற் படித்தல் அரிது. கல்லைத் துணியால் நிழல்செய்து, ரோச் விளக்கைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடித்தால், வெட்டுக்களிலே நிழல் விழுந்து எழுத்துத் தோன்றும். அதற்காக உடனாசிரியர் ஒருவரின் ரோச் விளக்கை இரவல் வாங்கிச் சென்றிருந்தேன். அளவுநாடாவைச் சுமக்கும் பொறுப்பை, கப்பல்துறையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் மாணவன் ஒருவனிடம் கொடுத்திருந்தேன். அதிகம் பேசாத பையன். ஒளியைச் சாய்த்துப் பிடித்தபோது, கல்லை உற்றுநோக்கிக்கொண்டிருந்த அவன், “சேர், பள்ளி! பள்ளி என்றிருக்கிறது!” என்று கூவினான். எவரும் சொல்லிக் கொடாமல் அவனே படித்தான். மற்றைய மாணவர் எல்லாரும் சூழ்ந்துகொண்டனர். யானும் மகிழ்ந்துபோனேன். ஆயிரம் ஆண்டுக்கு முன்னிருந்த சிற்பியின் உளி, கப்பல்துறைப் பையனோடு நேரே பேசிய கணம் அது.

அளவுநாடா மறக்கப்பட்டதும் அந்தக் கணத்திலேதான்.

இதனை யான் அன்று அறியவில்லை. ஒரு வாரம் கழித்து விளையாட்டுத் திடலை அளக்க உடற்பயிற்சி ஆசிரியர் நாடாவைக் கேட்டபோதே அது இல்லை என்பது தெரிந்தது. அப்பையனை வினவினேன். அலுமாரியில் வைத்துவிட்டேன் என்றான். மறுநாள் கேட்டபோதும் அதையே சொன்னான். மூன்றாம் நாள் அவன் வரவில்லை. நான்காம் நாள் அவன் தாயார் வந்தார்.

அவ்வம்மையாரின் தொழிலை அன்றுதான் அறிந்தேன். அவர் மிதிவெடி அகற்றும் பணியாளர். வடக்கே வேலைத்தளத்தில் தங்கி, மாதத்துக்கு ஒருமுறை ஓய்வில் வீடு வருபவர். 2002ஆம் ஆண்டு தொடக்கம் நம் வடகிழக்கில் இப்பணி நடைபெற்று வருகின்றது; 2017ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கை ஒட்டாவா மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்தது. இப்பணியிற் பெண்கள் பலர் உளர். குடும்பச் சுமையைத் தனியே தாங்குவோர் அவருள் பலர். இவருடைய குடும்பமும் இடம்பெயர்ந்து அலைந்த குடும்பமே. ஓடும்போது முற்றத்திற் புதைத்த சட்டிபெட்டிகளைத் திரும்பிவந்து தேடியோர் கதைகள் எத்தனை எத்தனையோ கேட்டிருக்கின்றோம். தேடுவோர் காலடியில் வேறெவரோ புதைத்துவைத்தது வெடித்த கதைகளையும் கேட்டிருக்கின்றோம். அந்த மண்ணை மனிதர் மிதிக்கத்தக்கதாக ஆக்குவோர் இவர்கள்.

கையில் இருந்த கடித உறையை என் மேசைமேல் வைத்து, “சேர், பிள்ளை நாடாவைத் தொலைத்துவிட்டான். இதில் அதற்கான காசு இருக்கிறது” என்றார்.

“காசு இருக்கட்டும் அம்மா. அவன் ஏன் என்னிடம் உண்மை சொல்லவில்லை?” என்றேன். என் குரலிற் சினம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அவர் சிறிது தயங்கினார். பின்னர், “சேர், போன தவணை ஒரு பிள்ளை வாசிகசாலைப் புத்தகத்தைப் பேருந்தில் மறந்துவிட்டு வந்து சொன்னதாம். அந்தப் பிள்ளையை நீங்கள் வகுப்புக்கு முன்னால் நிற்கவைத்து ஏசினீர்களாம். அதற்குப் பயந்துவிட்டான்” என்றார்.

உண்மை. ஏசினேன். அன்று ஏசியதை அன்றே மறந்தும் போனேன்.

அதன்பின் அவர், தம் வேலைத்தளத்து வழக்கத்தைச் சொன்னார். யான் கேட்டறிந்த அளவில் அதனை இங்கே எழுதுகின்றேன். காலையில் வேலை தொடங்குமுன், அறிந்த உலோகத் துண்டொன்றின்மேற் கருவியைப் பிடித்து அது சரியாக ஒலிக்கின்றதா என்று சோதிப்பார்கள். ஒரு மீற்றர் அகலமான ஒழுங்கை ஒன்றில், முகமூடியும் கவசமும் அணிந்து, அங்குலம் அங்குலமாக முன்னேறுவார்கள். ஒலி எழுந்தால் மேலிருந்து குத்தாமற் பக்கவாட்டாக மண்ணைச் சுரண்டுவார்கள். மிதிவெடி மேலமுக்கத்துக்கே வெடிப்பது. மிதிவெடிகள் பலவற்றில் பிளாத்திக்கே மிகுதி, உலோகம் சிறிதே. அதனால் கருவி மிக நுண்ணிய ஒலிக்கும் செவிசாய்க்குமாறு அமைக்கப்படும். அவ்வாறு அமைத்த கருவிக்கு ஆணியும் ஒன்றுதான், வெடியும் ஒன்றுதான். ஒவ்வொன்றையும் வெடி என்றே கொண்டு சுரண்டவேண்டும். அவ்வாறாயின், வேலை செய்பவரே சிறு கரண்டியொன்றையோ இரும்பு முளையொன்றையோ களத்தில் மறந்துவிட்டால் என்ன ஆகும்? நாளை வேறொருத்தி அதன்முன் குந்தியிருந்து, உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு, ஒரு மணிநேரம் சுரண்டவேண்டும்.

“ஆகையாற் பொழுதுபட முன்னர் எல்லாச் சாமானையும் எண்ணுவோம். ஒன்று குறைந்தால் ஒருவரும் வாகனத்தில் ஏறுவதில்லை. யார் மறந்தது என்று கேட்பதில்லை, சேர். எங்கே வைத்தது என்றுதான் கேட்பது. ஏசினால் அடுத்தமுறை ஒளித்துவிடுவார்கள். ஒளித்தால் யாருக்கோ கால் போகும்.”

உறையை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்து, வெகுநேரம் வாதிட்டு, இறுதியில் வாங்கிச் சென்றார்.

கருவி வைத்த இடத்திலே நம்முடைய உலோகம் கிடந்தால் கருவி பொய் சொல்லும் என்பது புதிய பாடமன்று. 1881ஆம் ஆண்டு யூலையில் அமெரிக்கச் சனாதிபதி காபீல்ட் சுடப்பட்டபோது, தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், உடலுள் தங்கிய குண்டைக் காண ஒரு கருவியை அமைத்துக் கொண்டுசென்றார். குண்டு அகப்படவில்லை. நோயாளி கிடந்த மெத்தையின் இரும்புச் சுருள்கள் ஒலியைக் குழப்பிவிட்டன என்று கூறுவர். அவ்வாண்டு செத்தெம்பரில் சனாதிபதி இறந்தார்.

இனி, முன்னர்ச் சொல்வேன் என்றதைச் சொல்லுகின்றேன். திருக்குறளிற் பொருட்பாலின் அரசியலுள் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்பதற்கு மறதி என்று பொருள்சொல்லி விரைந்து கடந்துவிடுவது வகுப்பறை வழக்கம். யானும் இருபது ஆண்டாக அவ்வாறே கடந்தேன். ஆனால் வள்ளுவர் அவ்வதிகாரத்தின் தொடக்கத்திலேயே கூறுவது, முதுமையாலோ களைப்பாலோ வரும் மறதியை அன்று. மிக்க மகிழ்ச்சியில் திளைத்திருக்கும்போது வரும் சோர்வை. அது அளவிறந்த சினத்தினும் தீயது என்பது அவர் கருத்து. இங்கிலாந்து அன்பர் நாணயம் கண்டபோதே மண்வெட்டியை மறந்தார். பையன் ‘பள்ளி’ என்று படித்தபோதே நாடாவை மறந்தான். இருவரையும் யான் அறிந்த பின்னரே அக்குறளின் கருத்து எனக்கு விளங்கிற்று. சினத்தையும் சோர்வையும் ஒரே தராசில் அவர் ஏன் நிறுத்தார் என்பதும் விளங்கிற்று. பையனிடம் இருந்தது மகிழ்ச்சிச் சோர்வு; என்னிடம் இருந்தது சினம்.

என்னிடம் வேறொன்றும் இருந்தது. அதையும் எழுதாவிடில் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். இரவல் வாங்கிய ரோச் விளக்கை அன்று யானும் வெல்கம் விகாரையிலே மறந்து வைத்துவிட்டு வந்தேன். இரவிலேதான் நினைவு வந்தது. வகுப்புக்கு முன்னால் ஒரு மாணவனை நிற்கவைத்து ஏசிய ஆசிரியன், தான் மறந்ததை எவ்வாறு வெளியிற் சொல்வது? மறுநாட் காலை, ஒருவருக்கும் சொல்லாமல், தனியே பேருந்து பிடித்துச் சென்றேன். விளக்கு கல்லுக்குப் பக்கத்தில் துணியின்கீழ் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் நடவாததுபோல் உரியவரிடம் ஒப்படைத்தேன். புறப்படுமுன் மாணவரைக் கூட்டி, “என் விளக்கை விட்டுவிட்டேன், எடுக்கப் போகின்றேன், நீங்கள் எதையேனும் விட்டீர்களா?” என்று ஒரு சொற் கேட்டிருந்தால், அப்பையன் வாய் திறந்திருப்பான். நாடாவும் அன்று அங்கேதான் கிடந்திருக்கும். ஒரு வாரம் கழித்து யாங்கள் இருவரும் சேர்ந்து போனபோது அது இல்லை.

இவற்றையெல்லாம் வைத்துக் கல்லூரியார்முன் யான் ஒரு கருத்தை வைத்தேன். இங்கே பழைய மாணவர் முன்பும் வைக்கின்றேன். வெளிக்களம் செல்லும் எக்குழுவும், அது சாரணராயினும் விஞ்ஞான மன்றத்தாராயினும் துடுப்பாட்டக் குழுவினராயினும், கொண்டுபோகும் பொருள்களைப் புறப்படுமுன் கொப்பியில் எழுதவேண்டும். திரும்பு முன், பேருந்தில் ஏறுதற்கு முன், எண்ணவேண்டும். பேருந்தில் ஏறிய பின் எண்ணுவது வீண். கைப்பிடி உள்ளவற்றுக்குச் செந்நிறம் பூசவேண்டும். புல்லிலும் மண்ணிலும் பச்சையும் பழுப்பும் மறைந்துவிடும். எண்ணும் பொறுப்பு, பொருளைச் சுமந்தவனிடம் இருத்தலாகாது, வேறொருவனிடம் இருக்கவேண்டும். தான் வைத்ததைத் தான் எண்ணுபவன் வைத்திருப்பதாகவே எண்ணிவிடுவான். இவற்றை ஒருவரும் மறுக்கவில்லை.

மறுப்பு எழுந்தது வேறிடத்தில். தொலைத்ததை அன்றே வந்து சொல்பவனுக்குத் தண்டனையும் இல்லை, ஏச்சும் இல்லை, பணமும் கட்டவேண்டியதில்லை என்ற விதியை யான் கேட்டேன். ஆசிரியர் சிலர் இதனை ஏற்கவில்லை. அவர்கள் கூற்றிலும் பொருள் உண்டு. நம் கல்லூரியின் உபகரணங்கள் செல்வம் கொழித்து வாங்கியவை அல்ல. பழைய மாணவர் தூரதேசங்களிற் குளிரில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கியவை. சொல்லிவிட்டால் போதும் என்றால், அக்கறை யாருக்கு இருக்கும்? பொறுப்பின்மையை நாமே பயிற்றுவதாகாதா? மூத்த ஆசிரியர் ஒருவர், “பிரம்பு இருந்த காலத்தில் ஒரு துடுப்பேனும் தொலையவில்லை” என்றார்.

துடுப்புக்கள் தொலைந்தன. சொல்வார்தாம் இல்லை. அக்காலத்தில் இக்கல்லூரியிற் படித்தோர் இதனைப் படிக்கின்றீர்கள்; நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பந்தைக் கடலிலோ காட்டிலோ போக்கிவிட்டு, அலுமாரிக் கணக்கில் அதனை எவ்வாறு சரிக்கட்டினீர்கள்? யான் மாணவனாக இருந்தபோது சரிக்கட்டிய முறையை எழுத மலர்க்குழுவினர் இடந்தாரார்.

அக்கறையின்மைக்குத் தண்டனை வேண்டாம் என்று யான் சொல்லவில்லை. நாடாவைச் சுழற்றி விளையாடி அறுத்தவனையும், கண்டதைப் படித்த களிப்பில் மறந்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்தவேண்டாம் என்கின்றேன். மறந்தவன் செய்யவேண்டிய கடமை ஒன்று உண்டு. திரும்பிப் போய்த் தேடவேண்டும். பேருந்துச் செலவும் வெயிலும் அவனுக்குப் போதிய பாடம். ஆசிரியரும் அவனோடு போகவேண்டும் என்பது என் கருத்து. இதனைத்தான் ஆசிரியர்கள் அதிகம் விரும்பவில்லை.

வெளிநாட்டிலே கருவி தூக்கி நடக்கும் நம் அன்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். நீங்கள் வைத்துவிட்டு வருவது உங்கள் பணம் கொடுத்து வாங்கிய மண்வெட்டிதானே என்று இருந்துவிடாதீர்கள். அந்த வயலில் நாளை அறுவடை இயந்திரம் ஓடும். அதன் வாயிற் செல்லும் இரும்பு உங்களுடையதாக இருக்கலாம். வயற்காரர் அனுமதி தந்து உள்ளே விட்டது, குழிகளை மூடி வயலை வயலாகவே திருப்பித் தருவீர்கள் என்ற நம்பிக்கையில்.

கல்லூரியார் என் விதியை ஓராண்டுக்குப் பரீட்சார்த்தமாக ஏற்றுள்ளனர். தமிழ் மன்றம் அதனைத் தொடங்கிவிட்டது. சென்ற தவணை கன்னியாவுக்குச் சென்று, வெந்நீரூற்றுப் பக்கத்து ஊர்ப்பெயர்களை எழுதித் திரும்பினோம். எண்ணும் பொறுப்பை அக்கப்பல்துறைப் பையனிடம் கொடுத்திருந்தேன். வீதியோரத்தில், பேருந்துச் சாரதி பொறுமையிழந்து ஒலி எழுப்ப, அவன் கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணினான். பதின்மூன்று இருக்கவேண்டிய இடத்திற் பன்னிரண்டே இருந்தன. இரண்டாம் முறையும் பன்னிரண்டு. மாணவர் இருவர் ஊற்றுப் பக்கம் ஓடினர். யானும் வெயிலில் அவர்கள் பின்னால் விரைந்தேன். அப்போது அவன் பின்னாலிருந்து உரத்துக் கூப்பிட்டான்.

“சேர், ரோச் உங்கள் தோளிலே தொங்குகிறது.”